தகர நானாவும் கரையாத உருண்டையும்

பினாங்கில் கப்பலேறி வந்து இறங்கிய பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கியவர்கள், பீரங்கி முழக்கத்தோடு வரவேற்கப்பட்டவர்கள், ஊரே திரண்டு மாலை போட்டவர்கள். ஆனால் ஒரே ஒரு விசிலில் பதினாறு குதிரைகளை ஒரே நேரத்தில் ஒன்றுக்குப் போக வைக்கக்கூடிய மனிதர் சூயெஸ் கால்வாய்க்குக் கிழக்கே ஒருவர்தான் இருந்தார். அவரோடு மூன்று வருஷம் பழகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். ஊரில் எல்லோருக்கும் அவர் தகர நானா. நானா என்றால் நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். தகரம் என்றது அவர் கையை விட்டுப் பிரியாத மண்ணெண்ணெய் டின்னை. வாய்ப்பக்கத்தை வெட்டி, குறுக்கே ஒரு மரக்கட்டை அடித்துப் பிடி போட்ட டின். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது ஒன்றில். அதே போன்ற இன்னொன்று வேறு காரியத்துக்கு. அந்த வேறு காரியம்தான் அவருடைய வாழ்க்கை. குதிரையின் சுகம் துக்கம், தீனியின் தரம், சவாரி செய்தவனின் குணம், நாளைக்கு மழை வருமா என்பது உட்பட எல்லாவற்றையும் அவர் குதிரையின் மூத்திரத்தைப் பார்த்தே சொல்வார். நிறம், நுரை, வாடை, அளவு. கடைசியில் சொன்னதுதான் அவருக்கு முக்கியம். டின்னின் உட்புறத்தில் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார், ஒரு விரல் பருமனுக்கு ஒரு கோடு. "இன்னிக்கு ஏழு விரல்" என்று அவர் முகம் வாடினால், எந்தக் குதிரைக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

சூலியா தெருக் காப்பிக்கடைக்காரர் ஒருமுறை, "நானா, டின்னை வெளிய வச்சிட்டு வாங்க. ஆளுங்க சாப்பிடுற எடம்" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

"கழுவுன டின்னுலா இது" என்றார் நானா.

"கழுவுனது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். சாப்பிடுறவங்களுக்குத் தெரியாதே."

"டின்னு உள்ள வரலன்னா நானும் உள்ள வரல."

அன்றிலிருந்து நானா தெருவோரத்தில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தார். மழை பெய்தாலும் அங்கேதான். கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாலும் உள்ளே வரமாட்டார். ஒரு வருஷம் கழித்துக் கடைக்காரரே தோற்றுப்போய் டின்னை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

விசில் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். குதிரையை நிறுத்தி மெல்ல விசில் அடித்தால் அது காலை அகட்டிக்கொண்டு ஒன்றுக்குப் போகும். லாயத்தில் வேலை செய்கிற எவரும் பழக்குகிற பழக்கம்தான் இது. ஆனால் மற்றவர்கள் விசில் அடித்தால் தங்கள் குதிரை மட்டும்தான் கேட்கும். நானா அடித்தால் ஊர்க் குதிரை எல்லாம் கேட்கும். ஒருநாள் சந்தைப் பக்கத்து வண்டி ஸ்டாண்டில், லைசென்ஸ் பார்க்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், வாடகைக் குதிரைவண்டிகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்து, வண்டிக்காரர்களை உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கச் சொல்லிவிட்டார். ஒரு கிழவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதிகாரி, பரிசோதனை முடியும்வரை யாரும் அசையக்கூடாது என்றார். நானா எதிர்ப்புறம் டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் வந்ததும், உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

முதலில் ஒரு மட்டக்குதிரை யோசித்தது. அப்புறம் பக்கத்துக் குதிரை யோசித்தது. அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டு பதினாறும் ஒரே மனதாக முடிவுக்கு வந்தன. அதிகாரி வெள்ளைக் கான்வாஸ் ஜோடு போட்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நானாவைப் போலீஸ் தாணாவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே புகார் எழுதுகிறவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விசில் அடித்தான் என்று எழுதினால், எதற்கு என்று கேட்பார்கள். குதிரைக்கு என்று எழுதினால், அதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு அனுப்பிவிட்டார். வாசலில் காத்திருந்த எங்களிடம் நானா, "பெரியவரு தண்ணி கேட்டாரு. தொரை இல்லன்னாரு. நான் வரவழைச்சேன். அம்புட்டுதான்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு ஒரு வழக்கு வந்தது. அதில் குற்றவாளி நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு வெள்ளைக்காரக் குதிரை டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் பட்டாளத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். மனிதர்களிடமும் அதே குரலில்தான் பேசுவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தான் சொன்ன மருந்து தவறும் என்பதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியாது.

என் வேலைகளில் எனக்குப் பிடிக்காத வேலை ஒன்று, நீர் பிரிகிற உருண்டை செய்வது. குதிரைக்குக் கால் வீங்கினாலும் வயிற்றோரம் நீர் கோத்தாலும் அதுதான் மருந்து. வெடியுப்பு, குங்கிலியம், சோப்பு, கொஞ்சம் இஞ்சித் தூள். எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து ஜாதிக்காய்ப் பழத்தின் பருமனுக்கு உருட்டி, கடைசியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பிசைகிறபோது மணிக்கட்டு கழன்று போகும். வாராவாரம் புதிதாகச் செய்யச் சொல்லி டாக்டர் உத்தரவு. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்து அலமாரியில் அடுக்கிவிடுவேன். ஒருநாள் ஓர் உருண்டை கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நானா ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், லாயத்தில் வேலை பார்த்தார். தவுக்கே ஈயச் சுரங்கத்தில் பணக்காரரானவர். நார்தம் ரோட்டில் கடலைப் பார்த்த மாளிகை. பந்தயத்துக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குதிரையை வரவழைத்து, அதற்கு மூன்லைட் என்று பெயர் வைத்திருந்தார். நானாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மூனா என்று கூப்பிட்டார். செட்டியார் கடை விலாசம் மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "கூப்புட்டா திரும்பிப் பாக்குது. அதுக்கு மேல பேரு எதுக்கு?" என்றார்.

அந்த மூனாவுக்குப் பின்னங்கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. வயிற்றுக்கு அடியிலும் விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. டாக்டர் வந்து பார்த்து, தினம் காலையில் ஓர் உருண்டை என்று சொல்லிவிட்டுப் போனார். உருண்டைகளை நான் அனுப்பினேன். பத்து நாள் ஆயிற்று. வீக்கம் ஒரு நூல்கூட வடியவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் குதிரையைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். தவுக்கேயிடம் திரும்பி, "இந்த ஆள் மருந்தைக் கொடுக்கவில்லை. குதிரை கடிக்கும் என்று பயந்து சாக்கடையில் போடுகிறான்" என்று மலாயில் சொன்னார். நானாவுக்கும் புரியவேண்டும் என்பதற்காகவே மலாயில் சொன்னார்.

உருண்டை கொடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சு நானாவை எங்கே குத்தியது என்று புரியும். குதிரையின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்கைவரை தொண்டைக்குள் விட்டு, நாக்கின் மேட்டைத் தாண்டி உருண்டையைப் போட வேண்டும். கழுத்தின் இடப்பக்கத்தில் அது ஒரு கட்டியாக இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குதிரையை விடவேண்டும். நானாவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை குதிரைப் பல் படாத இடம் இல்லை.

"போட்டேன் தொரை" என்றார் நானா.

"பொய்."

"போட்டேன்னா போட்டேன்."

தவுக்கேக்கு யார் சொல்வது நிஜம் என்பதில் அக்கறை இல்லை. அவருக்கு அடுத்த பந்தயம்தான் கணக்கு. "இன்னும் இரண்டு வாரம். கால் வடியவில்லையென்றால் குதிரையைச் சுட்டுவிடலாம். இவனும் போகலாம்" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

லாயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நானாவிடம் ஒரே யோசனைதான் சொன்னார்கள். ரெண்டு நாள் போடல, மறந்துட்டேன்னு சொல்லிருங்க. தொரை மனசு எறங்கிருவாரு. நானா அவர்கள் ஒவ்வொருவரையும் தீனிச் சாக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, டாக்டர் இல்லாத நேரத்தில், எங்கள் மருந்துக்கடையின் பின்வாசலில் டின்னோடு வந்து நின்றார். இடுப்பிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்து விரித்தார். அதில் ஓர் உருண்டை. நன்றாகக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவினாற்போல் பளபளப்பாக இருந்தது.

"எங்கேயிருந்து நானா?"

"சாணியிலேருந்து."

உருண்டையின் தலையில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. ஆஸ்திரேலியக் குதிரையின் வயிறு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, என் கைரேகை ஒரு வரி அழியாமல் திரும்பி வந்திருந்தது.

"நானா, இது டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும். வீட்டுக்காரி மாசமா இருக்கா" என்றேன்.

அவர் உருண்டையைத் துணியில் திரும்பச் சுற்றினார். "ஒன் விரலப் பத்திப் பேச நான் வரலலா தம்பி. நான் போட்டேனா போடலியா, அதான் பேச்சு. அத மட்டும் பேசிக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் முன்வாசல் வழியாக வந்து, நோயாளிக் குதிரைகளின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் காத்திருக்கும்போது, டாக்டரின் மேஜைமேல் அந்த உருண்டையை வைத்தார். விரல் ரேகை கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்தார் என்பதை நான் கவனித்தேன்.

"ஒங்க மருந்து தொரை. மேல போட்டேன், கீழ வந்துருச்சு. போன மாரியே வந்துருக்கு. வாங்கிக்குங்க."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இதை நீ குதிரைக்குக் கொடுக்கவே இல்லை. வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறாய். வாயில் கொடுத்த மருந்து உடம்பில் சேரும். எனக்கு நீ வைத்தியம் சொல்லித்தராதே."

"சேரும்னா ஏன் தொரை கால் வடியல?"

அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் இருமினார். டாக்டர் முகம் சிவந்தது. நானா விடவில்லை.

"குதிர வயிறு பெரிய பசார் மாரி தொரை. உள்ள போறவன் எல்லாம் சாமான் வாங்குறதில்ல. பாதிப் பேரு சும்மா சுத்திப் பாத்துட்டு, அந்த வாசல் வழியா வெளிய போயிர்றான். ஒங்க உருண்ட வாங்குச்சா, சும்மா சுத்துச்சான்னு பாத்துருவோம். தவுக்கேயையும் கூப்பிடுங்க. நான் போடலன்னு ஆச்சுன்னா, நானே துப்பாக்கிய எடுத்துட்டு வந்து குடுத்துட்டுப் போயிர்றேன்."

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் அத்தனை பேர் முன்னால் பயந்ததாக ஆகியிருக்கும். சோதனையை நேர்மையாக நடத்த, தினமும் விடிந்ததிலிருந்து விளக்கேற்றும் நேரம்வரை லாயத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு நடுவர் தேவை என்றார். நடுவராக என்னை நியமித்தார். கடவுளுக்கும் சில சமயம் பொழுது போகாது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் உருண்டை கொடுக்க டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டபோது நானா தடுத்தார்.

"இன்னிக்கு மருந்து வேணாம்."

"ஏன்?"

"மருந்து இல்லாம எம்புட்டுன்னு தெரியாம, மருந்தோட எம்புட்டுன்னு எப்டித் தொரை தெரியும்?"

டாக்டர் மடித்த கையை இறக்கிவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் நானாவின் முகத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அதுவரை தலைப்பாகையைத்தான் பார்த்துப் பேசுவார்.

அன்று முழுவதும் நானா ஒரு மூங்கில் கழியின் நுனியில் டின்னைக் கட்டிக்கொண்டு மூனாவின் பக்கத்தில் குந்தியிருந்தார். குதிரை கால் மாற்றி நின்றால் டின் எழும்பும். குதிரை வாலை ஆட்டினால் டின் எழும்பும். விசில் அடிக்கவே இல்லை. "நான் அடிச்சா எனக்காகப் போகும். கணக்குக் கெட்டுரும்" என்றார். ஒரு துளி தரையில் விழவில்லை. சாயங்காலம் டின்னுக்குள் எட்டு விரல் இருந்தது. நான் எட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தவுக்கே மோட்டாரில் வந்து இறங்காமல், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தார். "நீங்களே போடுங்க தொரை. அப்பறம் நான் போடலன்னு பேச்சு வராது" என்றார் நானா. டாக்டர் சட்டையைக் கழற்றி, என் அலமாரியிலிருந்து வந்த ஓர் உருண்டையை முழங்கைவரை கைவிட்டுப் போட்டார். மூனா அவருடைய சுண்டுவிரலைக் கொஞ்சம் ருசி பார்த்தது. கழுத்தில் கட்டி இறங்குவதை நாங்கள் நாலு பேரும் கண்ணால் கண்டோம்.

சாயங்காலம் எட்டு விரலுக்கு ஒரு நகம் குறைவு.

"மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும்" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் எட்டு விரல்.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. விழுந்த சாணி முழுவதையும் நானா கூடையில் சேர்த்துவைத்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, சல்லடையில் அலசுவார். சல்லடையின் மறுபக்கத்தைப் பிடிக்க வேண்டியது நடுவரின் கடமை என்று அவர் தீர்மானித்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் சல்லடை பிடித்தேன். வீட்டில் என் மனைவி, குளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்றாள். குளித்துவிட்டு வந்தால், இன்னொருமுறை குளித்துவிட்டு வந்தால்தான் சோறு என்றாள். நானாவோ ஒரு வார்த்தை பேசவில்லை. ரேகையைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் காலை, டாக்டரும் தவுக்கேயும் வந்து நிற்கும்போது, சல்லடையில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நானா அதை எடுத்து டின் தண்ணீரில் கழுவி, டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். தன் பாக்கெட் கத்தியால் வெட்டப் பார்த்தார். கத்தி வழுக்கிற்று. பிறகு அந்தக் கட்டைவிரல் அழுத்தல் அவர் கண்ணில் பட்டது. மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எப்போது செய்தது இது?"

போன வாரம் என்ற பதில் என் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. ஒரே ஒரு சொல்தான். நானா என்னைப் பார்க்கவில்லை. மூனாவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்குமே கால் வீங்கிக் கிடந்தது, ஒருவருக்கு நிஜமாகவே, இன்னொருவருக்கு நாலு நாளாகக் குந்திக் குந்தி. அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மருந்துக்கடையில் முடிந்திருக்கும் விஷயம் இது.

"ரெண்டு மாசம் ஆச்சு தொரை. மொத்தமா செஞ்சு வச்சிட்டேன். காஞ்சு கல்லாயிருச்சு. அவரு ஒரு நாளும் போடாம இருந்ததில்ல" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல்கள் மொத்தம் ஒன்று. அது இதுதான். சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்த டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எந்த டின் என்று பார்க்கவில்லை.

டாக்டர் கத்தியை மடித்துப் பாக்கெட்டில் போட்டார். பிறகு, "அலமாரியில் இருப்பதை எல்லாம் கடலில் போடு. நாளையிலிருந்து தினம் காலையில் புதிதாகச் செய்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வேலை போகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் நானா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தொரை ஒன்னு சொல்லணும்."

"என்ன சொல்ல வேண்டும்?"

"நான் போட்டேன்னு."

"அதுதான் தெரிந்துவிட்டதே."

"அது எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க சொல்லணும். போடலன்னு தவுக்கே முன்னாடிதான் சொன்னீங்க. போட்டான்னும் தவுக்கே முன்னாடிதான் சொல்லணும்."

ஒரு லாயக்காரர் வெள்ளைக்காரரின் வழியை மறித்து நிற்பது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை. லாயத்தில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தூண்களுக்குப் பின்னால் போனார்கள். தவுக்கே கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். டாக்டரின் மீசை இரண்டுமுறை அசைந்தது.

"டியா சுடா காசி" என்றார் கடைசியில். அவன் கொடுத்தான் என்று அர்த்தம்.

"காதுல விழல தொரை."

டாக்டர் பட்டாளத்துக் குரலில், மாளிகையின் மாடிவரை கேட்கும்படி, திரும்பச் சொன்னார். நானா வழியை விட்டு ஒதுங்கி, "மருந்து நல்ல மருந்துதான் தொரை. போய்ச் சேரலன்னா அது என்னா செய்யும் பாவம்" என்றார். தோற்றவருக்கு ஆறுதல் சொல்லும் பெருந்தன்மை அவருக்கு உண்டு.

மூனாவுக்கு இனி உருண்டையை நம்ப வேண்டாம் என்று, மறுநாள் நான் வெடியுப்பை வெந்நீரில் கரைத்து, வெல்லப்பாகு கலந்து, ஒரு பீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனேன். நானா காலைத் தீனியை நிறுத்திவைத்திருந்தார். "கூட்டம் இல்லாதப்ப பசாருக்குப் போனாத்தான் நல்லா வாங்கலாம்." மூனாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் பாட்டிலைச் செருகி, ஒரு மடக்கு விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த மடக்கை ஊற்றினார். மூச்சுக்குழாயில் போய்விடும் என்று டாக்டர் பக்கத்திலேயே நின்று எச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுப் போகவில்லை.

மத்தியானத்துக்குள் எட்டு விரல் தாண்டிவிட்டது. மூன்று மணிக்குப் பன்னிரண்டு. விளக்கேற்றும் நேரத்தில் பதினைந்து. நானா டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தளும்பாமல், லாயத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். கல்யாண வீட்டில் தாம்பாளம் நீட்டுவது போல நீட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்து, நல்லா இருக்கு நானா என்றார்கள். டாக்டரும் எட்டிப் பார்த்தார். "பதினைந்தரை" என்று திருத்தினார்.

எட்டு நாளில் கால் வடிந்துவிட்டது. தினம் காலையில் நானா மூனாவைக் கடலில் முழங்கால் ஆழத்துக்கு நடத்திக்கொண்டு போவார். டாக்டர் கரையில் நின்று பார்ப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் இரண்டு பேரும் வருவார்கள். பந்தயத்தில் மூனா ஐந்தாவதாக வந்தது. "முன்னாடி போனது நாலும் குதிரையே இல்லலா" என்று நானா தீர்ப்புச் சொன்னார். குதிரை இல்லையென்றால் அவை என்ன என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து மருந்து வாங்க அவர் ஆள் அனுப்புவதில்லை. விடியற்காலையில் தானே வந்து, நான் பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, உருண்டையை விரலால் நசுக்கிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டு போவார். வரும்போது இலையில் கட்டிய ஆப்பம் இரண்டு இருக்கும். மேஜைமேல் வைப்பார். "வீட்டுக்காரிக்கு. ஒனக்கில்ல" என்பார்.

இரண்டு வருஷத்தில் தவுக்கேக்குக் குதிரை அலுத்துவிட்டது. மூனாவை ஈப்போவில் யாருக்கோ விற்றுவிட்டு, லாயத்தில் மூன்று மோட்டார்களை நிறுத்தினார். அவற்றைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருக்கும்படி நானாவிடம் நல்ல மனதோடுதான் சொன்னார். நானா மூன்று மோட்டார்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"ஒன்னுக்குப் போகாத எதையும் நான் பாத்துக்க மாட்டேன் தவுக்கே" என்று சொல்லிவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சந்தைப் பக்கத்து வண்டி ஸ்டாண்டில் வாடகைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை உடனே கிடைத்தது. அங்கே அவருக்குப் பழைய மதிப்பு இருந்தது.

அடுத்த வருஷம் எனக்குக் கடலுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை கிடைத்தது. வீடும் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு டிரங்குப் பெட்டியோடு, படகுத் துறைக்கு வந்தோம். நான் யாரிடமும் நேரம் சொல்லவில்லை. நானா அங்கே டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அங்க குதிர இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல நானா. மனுசங்கதான்."

"மனுசனுக்கா மருந்து குடுக்கப் போற?" என்று வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "அவனுங்க முழுங்காமலே முழுங்கிட்டேன்பானுங்க. பாத்துக்க."

பெட்டிகளை அவரே படகில் ஏற்றினார். என் மனைவியிடம் இலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவிழ்த்துப் பார்த்தபோது அதில் நாலு ஆப்பம் இருந்தது.

படகு நகர்ந்தது. நான் கை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. நடுக்கடலில் வந்தும் ஆட்டினேன். அக்கரை நெருங்கியபோது, நாங்கள் புறப்பட்ட துறையில் நிற்கிற ஆட்கள் எறும்பு மாதிரி ஆகிவிட்டார்கள். அதில் எந்த எறும்பு நகராமல் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.